பிபிஎஃப் எதுவரைக்கும் ஒட்டணும்? ஒரு விளிம்பின் வரலாறு

புதுக் கார் புக் செய்துவிட்டு டெலிவரி தேதிக்குக் காத்திருக்கும் நாட்களில் கையில் ஒரு விலைப் பட்டியல் வந்து சேரும். பெயின்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம், சுருக்கமாக பிபிஎஃப். பெயின்ட் மேல் ஒட்டுகிற, பார்த்தால் தெரியாத பிளாஸ்டிக் தோல். பட்டியலில் பெரும்பாலும் மூன்று வரி இருக்கும்: பார்ஷியல் ஃப்ரன்ட், ஃபுல் ஃப்ரன்ட், ஃபுல் பாடி. முதல் வரியைப் படிக்கும்போது "சரி, போட்டுடலாம்" என்று தோன்றும். கடைசி வரியைப் படிக்கும்போது, இந்தக் காசுக்கு ஒரு நல்ல பைக்கே வாங்கிவிடலாமே என்று தோன்றும். நடு வரியைக் காட்டி "எல்லாரும் இதைத்தான் சார் போடறாங்க" என்று சொல்ல ஒருவர் பக்கத்திலேயே நிற்பார்.

எனக்கு விலையைவிட அந்தக் கோடுகள்தான் உறுத்தின. போனட்டில் பாதியோடு நிறுத்து என்று ஒரு கோடு, முகப்போடு நிறுத்து என்று இன்னொரு கோடு. இதையெல்லாம் யார் போட்டது? ஆபீஸில் பழைய கோடில் புரியாத ஒரு இஃப் கண்டிஷன் கண்ணில் பட்டால், அதை யார், எப்போது, எதற்காகச் சேர்த்தார்கள் என்று கிட் ஹிஸ்டரியைத் தோண்டுவோம். முக்கால்வாசி நேரம், சேர்த்த காரணம் செத்துப் பத்து வருஷம் ஆகியிருக்கும். கண்டிஷன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அதே பழக்கத்தில் இதையும் தோண்டிப் பார்த்தேன். கிடைத்த கதை போனட்டில் ஆரம்பிக்கவில்லை, ஹெலிகாப்டரில் ஆரம்பிக்கிறது. அதற்கும் முன்னால் பெயின்ட் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், எதைக் காப்பாற்றப் போகிறோம் என்பது தெரிய வேண்டுமே.

ஆரம்ப காலக் கார்களுக்குக் குதிரை வண்டிக்கு அடித்த மாதிரியே பிரஷ்ஷால் வார்னிஷ் அடித்தார்கள். ஒரு பூச்சு காய்ந்து, தேய்த்து, அடுத்த பூச்சு. ஒரு கார் முடிய வாரக்கணக்கில் ஆகும். ஃபோர்டு மாடல் டி 1914-லிருந்து 1925 வரை கறுப்பில் மட்டும்தான் வந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்கு முன்னும் பின்னும் வேறு நிறங்கள் இருந்தன என்பது அவ்வளவாகத் தெரியாத கதை. இந்த வாரக்கணக்கை உடைத்தது டூபான்ட் கம்பெனியின் 'டூகோ' லேக்கர். ஜெனரல் மோட்டார்ஸின் 1924-ஆம் வருஷ மாடல் ஓக்லேண்ட் காரில் நீல நிறமாக வந்து இறங்கியது. வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. டூகோவின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். முதல் உலகப் போரில் புகையில்லா வெடிமருந்து செய்த அதே சரக்கு. (லேக்கர் என்ற சொல்லே நம் பக்கத்து அரக்கிலிருந்து போனதுதான்: லாக்‌ஷா, லாக், போர்த்துக்கீசிய லக்ரே, அப்படியே லேக்கர். இதைத் தனிப் பதிவாக எழுத ஆசை.)

அதன்பிறகு பெயின்ட் இரண்டு பெரிய மாற்றங்களைப் பார்த்தது. ஒன்று, 1960-களில் ஃபோர்டு கொண்டுவந்த மின்பூச்சு: முழு பாடியையும் தொட்டியில் முக்கி, கரன்ட் கொடுத்து அடிப்பூச்சை ஒட்டவைப்பது. துரு இவ்வளவு குறைந்ததற்கு முக்கியக் காரணம் இது. இரண்டு, 1970-களின் கடைசியிலும் 1980-களிலும் பரவிய கிளியர் கோட். நிறம் தனி, அதற்கு மேல் கண்ணாடி மாதிரி நிறமில்லாத ஒரு பூச்சு தனி. இன்று நம் காரில் நாம் தொடுவது நிறத்தை அல்ல, அந்தக் கிளியர் கோட்டை.

இதன் கனம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? தகட்டுக்கு மேல் இருக்கிற எல்லாப் பூச்சும் சேர்ந்து ஏறத்தாழ 100-லிருந்து 140 மைக்ரான். தலைமுடி ஒன்றரை, இரண்டு இழையை அடுக்கின கனம். அதில் கிளியர் கோட் மட்டும் 35-லிருந்து 50. இன்னொரு விஷயம், தொழிற்சாலையில் இந்தப் பெயின்டை 140 டிகிரி வாக்கில் சுடவைக்கிறார்கள். வெளியே, முழுசாக அசெம்பிள் செய்த காரை அப்படிச் சுட முடியாது; உள்ளே வயர், ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் இருக்கிறதே. அதனால் ஒர்க்‌ஷாப்பில் 60, 70 டிகிரியோடு நிறுத்துவார்கள், பெயின்டும் வேறு கெமிஸ்ட்ரி. எவ்வளவு நல்ல டிங்கரிங் ஆளாக இருந்தாலும், கம்பெனி பெயின்டைத் திரும்ப அடிக்க முடியாது. பிபிஎஃப் விற்கிறவர்கள் சொல்கிற வாதங்களில் எனக்கு உடனே சரியென்று பட்டது இது ஒன்றுதான்.

இனி கதையின் முக்கியப் பாத்திரம், 3எம். 1902-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் குருந்தக்கல் தோண்டி எடுக்க ஆரம்பித்த கம்பெனி. தோண்டியது குருந்தமே இல்லை, எதற்கும் உதவாத வேறு கல் என்று பிறகு தெரிந்தது. பிழைப்புக்கு உப்புத்தாள் செய்ய இறங்கினார்கள். 1921-ல் தண்ணீர் ஊற்றித் தேய்க்கக்கூடிய உப்புத்தாளைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பெரிய வாடிக்கையாளர்கள் கார் பெயின்ட் கடைகள். அந்தத் தாளைச் சோதித்துப் பார்க்கக் கடைக்குப் போன ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர், அங்கே பெயின்டர்கள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அப்போது இரண்டு நிறக் கார் ஃபேஷன். ஒரு நிறம் அடித்து, அதன் மேல் தாளைப் பசையால் ஒட்டி மறைத்து, அடுத்த நிறம் அடிப்பார்கள். தாளை உரிக்கும்போது புதுப் பெயின்டும் சேர்ந்து உரிந்து வரும். ட்ரூ 1925-ல் செய்த தீர்வுதான் மாஸ்கிங் டேப். பெயின்ட் மேல் ஒட்டணும், உரிக்கும்போது பெயின்டைக் கொண்டுபோகக் கூடாது. பிபிஎஃப் பசைக்கும் இன்றுவரை இதுதான் முதல் நிபந்தனை. பெயின்டைத் தேய்க்கிற தாளை விற்ற கம்பெனியே, தேயாமல் காக்கிற தாளையும் விற்க வந்தது.

பசை இருந்தது, தோல் வேண்டும். பாலியூரித்தேன் 1937-ல் ஜெர்மனியின் லெவர்கூசன் ஆய்வகத்தில் ஓட்டோ பேயரும் சகாக்களும் கண்டுபிடித்தது. (பேயர் கம்பெனியை நிறுவிய குடும்பத்துக்கும் இவருக்கும் சொந்தம் கிடையாது, பெயர்தான் ஒன்று.) ஐசோசயனேட் என்ற வகை வேதிப்பொருளையும் பாலியால் என்ற வகையையும் கோர்த்துச் சங்கிலியாக்குவது. ஐசோசயனேட் என்றதும் நமக்கு போபால்தான் ஞாபகம் வரும். அங்கே 1984-ல் கசிந்தது மெத்தில் ஐசோசயனேட், அதே குடும்பத்தின் சின்ன, ஆவியாகக்கூடிய, கொடிய உறுப்பினர். வேதிவினை முடிந்த பாலியூரித்தேனில் அந்த விஷம் இல்லை. முதலில் இதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. உள்ளே குமிழி குமிழியாக இருந்த மாதிரியைப் பார்த்துவிட்டு, போலி சுவிஸ் சீஸ் செய்யத்தான் லாயக்கு என்று கம்பெனியின் சோதனைப் பிரிவே கிண்டலடித்தது என்று ஒரு கதை உண்டு. அந்தக் குமிழிதான் பிறகு நம் மெத்தையும் சோபாவும் ஆனது. 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் கம்பெனியில் இதை உருக்கி வார்க்கக்கூடிய வடிவில் கொண்டுவந்தார்கள். டிபியு என்று கடைக்காரர் சொல்வது இந்த வகையைத்தான்: தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன். ரப்பர் மாதிரி இழுபடும், பிளாஸ்டிக் மாதிரி உருகும்.

இப்போது வியட்நாம். ஹியூ என்று பெயர்பெற்ற யூஎச்-1 ஹெலிகாப்டர்கள் ஆயிரக்கணக்கில் பறந்த போர். அந்த ஊர்ச் செம்மண் தரையில் ஹெலிகாப்டர் இறங்கினால், தானே கிளப்பிய புழுதிக்குள் தானே சுற்றும். ஹியூவின் மேல்விசிறியின் விட்டம் 48 அடி, நிமிஷத்துக்கு 324 சுற்று. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்: இறக்கையின் நுனி மணிக்குக் கிட்டத்தட்ட 890 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. புழுதி சும்மாதான் நிற்கிறது, இறக்கை போய் அதில் மோதுகிறது. 100 கிலோமீட்டரில் போகிற காரோடு ஒப்பிட்டால் வேகம் 9 மடங்கு, ஒவ்வொரு மணலும் கொடுக்கும் அடியின் ஆற்றல் 80 மடங்கு. உலோகமே அரித்துப்போனது. இறக்கையின் முன்விளிம்பு தேய்ந்தால் காற்றோட்டம் கெடும், தூக்குவிசை குறையும். அந்த விளிம்பில் பாலியூரித்தேன் டேப் ஒட்டினார்கள்.

உலோகத்தால் முடியாததை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் எப்படிச் செய்தது? கண்ணாடியில் மணல் பீய்ச்சிப் பூ வரைகிற கடைக்குப் போய்ப் பாருங்கள். வேண்டாத இடங்களை மறைக்க ரப்பர் அல்லது ஸ்டிக்கர் ஷீட்தான் ஒட்டியிருப்பார்கள். மணல் கண்ணாடியைக் குடைகிறது, ஷீட்டை ஒன்றும் செய்வதில்லை. கெட்டியான பொருள் அடியை அப்படியே வாங்கி விரிசல் விடுகிறது. மெத்தென்ற பொருள் குழிந்து, அடியை நேரத்தில் நீட்டி, திரும்ப நிமிர்ந்துவிடுகிறது. பிபிஎஃப்-பின் கனம் 150-லிருந்து 200 மைக்ரான், அதாவது கீழே இருக்கிற மொத்தப் பெயின்டைவிட அதிகம். அந்தக் கனம் அலங்காரத்துக்கு இல்லை, குழிவதற்கு இடம் வேண்டும்.

இந்த இடத்தில்தான் நான் நின்று யோசித்தேன். ஹெலிகாப்டரில் யாரும் முழு இறக்கைக்கும் டேப் சுற்றவில்லை. முன்விளிம்பில் ஒரு பட்டை, அவ்வளவுதான். விமானங்களிலும் அப்படியே, மூக்கிலும் இறக்கை விளிம்பிலும். முப்பந்தல் பக்கம் போகும்போது பார்க்கிற காற்றாலை வகை இயந்திரங்களுக்கும் இதே பிரச்சினை உண்டு. பெரிய காற்றாலை இறக்கையின் நுனி மணிக்கு 300 கிலோமீட்டர் வாக்கில் சுற்றும். மழைத்துளியும் தூசியும் விளிம்பை அரிக்கும். அதற்கு விற்கிற பாதுகாப்பு டேப்பையும் நுனிப்பக்கத்து முன்விளிம்பில்தான் ஒட்டுகிறார்கள். பணத்துக்குக் கணக்குப் பார்க்கிற எந்த இன்ஜினியரும் அடி விழாத இடத்தில் கவசம் போடுவதில்லை.

காருக்கு வருவோம். அமெரிக்காவில் கார் முகப்புக்குக் கறுப்பு வினைல் உறை மாட்டுகிற வழக்கம் ஒன்று இருந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் கார் ப்ரா. போர்ஷே மாதிரி கூர்மூக்குக் கார்களில் 1980-களில் நிறைய பார்க்கலாம். கல்லைத் தடுத்தது உண்மை. ஆனால் உள்ளே ஈரமும் மணலும் புகுந்து, காற்றில் படபடத்து, காப்பாற்ற வந்த பெயின்டையே உப்புத்தாள் மாதிரி தேய்த்தது. ஹெலிகாப்டர் டேப் பந்தயக் கார்கள் வழியாகப் பொதுச் சந்தைக்கு வந்தபோது இந்த உறையின் இடத்தைத்தான் பிடித்தது. பெயரையும் சேர்த்து: கிளியர் ப்ரா. அமெரிக்காவில் இன்றும் அந்தப் பெயர் புழக்கத்தில் இருக்கிறது. நம் ஊரில் கார் ஃபிலிம் என்றாலே கண்ணாடிக்கு ஒட்டுகிற கறுப்பு ஃபிலிம்தான், 2012-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்யும்வரை. அதனால் பிபிஎஃப் இங்கே அந்த ப்ரா பூர்வீகம் இல்லாமலே வந்து சேர்ந்தது.

'ஃப்ரன்ட்' என்ற எல்லை இப்படி அந்த உறையிலிருந்து வந்தது. சரி, 'பார்ஷியல்'? போனட்டின் முன்பக்கம் 18-லிருந்து 24 அங்குலம், அதாவது ஒன்றரை அடியிலிருந்து இரண்டடி வரை ஒட்டி, குறுக்கே ஒரு கோடு விட்டு நிறுத்துவது. ஃபிலிம் ரோலாக வருகிறது, ரோலுக்குக் குறிப்பிட்ட அகலம் உண்டு. 24 அங்குல ரோலில் இந்தப் பட்டை அடங்கிவிடும். முழு போனட்டை இணைப்பில்லாமல் மூட, இன்று பரவலாக இருக்கிற 60 அங்குல ரோல் வேண்டும். அந்தக் குறுக்குக்கோட்டில் அழுக்கும் வேக்ஸும் சேர்ந்து, கறுப்புக் காரில் வெள்ளைக் கோடாகப் பல்லை இளிக்கும். காரின் இயற்பியலில் 24 அங்குலத்தில் ஒன்றும் நடப்பதில்லை. கல் அங்கே வந்து யூ-டர்ன் எடுக்காது.

அடுத்த திருப்பம் என் தொழிலில் நடந்தது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாடியில் ஃபிலிமை விரித்துப்போட்டு, பிளேடால் ஓரம் வெட்டுவதுதான் பழைய முறை. இன்றும் பல்க் என்ற பெயரில் நடக்கிறது. கை ஒரு நூல் அழுந்தினால் பிளேடு கிளியர் கோட்டில் இறங்கும். 1997-ல் டெக்ஸஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் எக்ஸ்பெல் என்ற கம்பெனி ஆரம்பித்தது. இன்று பிபிஎஃப் என்றதும் உலகம் முழுக்கச் சொல்கிற பெயர்களில் ஒன்று. ஆனால் அது ஆரம்பித்தது ஃபிலிம் கம்பெனியாக இல்லை, சாஃப்ட்வேர் கம்பெனியாக. ஒவ்வொரு கார் மாடலின் ஒவ்வொரு பாகத்துக்கும் வெட்டு வடிவத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து, கடைகளுக்குச் சந்தா முறையில் விற்றது. கடையில் இருக்கிற பிளாட்டர் அந்தக் கோப்பை வாங்கி ஃபிலிமை வெட்டும். காருக்குப் பக்கத்தில் பிளேடே வர வேண்டாம்.

கேட்க சுலபமாக இருக்கும், உள்ளே கணக்கு கடினம். 1827-லேயே காஸ் நிரூபித்துவிட்டார்: இரண்டு திசையிலும் வளைந்த ஒரு பரப்பை, நீட்டாமல் சுருக்காமல் தட்டையாக விரிக்கவே முடியாது. பூமிப் படத்தில் கிரீன்லாந்து பூதாகாரமாகத் தெரிவது இதனால்தான். கார் பம்பர் முழுக்க அப்படிப்பட்ட வளைவு. தட்டையான ஃபிலிமை அதன்மேல் உட்காரவைக்க இரண்டே வழி. ஒன்று இழுப்பது, மற்றொன்று வெட்டு விடுவது. பிளவுஸ் தைக்கிறவர் டாட் பிடிக்கிறாரே, அதே வேலை. எவ்வளவு இழுக்கலாம், எங்கே வெட்டலாம், வெட்டு கண்ணுக்குத் தெரியாமல் எந்த மடிப்பில் ஒளியும், இதையெல்லாம் முடிவு செய்வதுதான் அந்தக் கோப்பின் மதிப்பு. அளவுக்கு மீறி இழுத்து ஒட்டினால் ஃபிலிம் மெலியும், பசையில் கோடு விழும், சில மாதத்தில் ஓரத்திலிருந்து சுருங்கிக் கிளம்பும்.

எனக்குப் புரிந்தவரை, 'ஃபுல் பாடி'யைச் சாத்தியமாக்கியதில் இந்த வரைபட நூலகத்துக்குப் பெரிய பங்கு. எல்லாப் பாகத்துக்கும் வடிவம் கையில் இருந்தால், எல்லாப் பாகத்தையும் விற்கலாம். சாத்தியமானது சரி, ஆனால் தேவை எங்கிருந்து வந்தது? கூரைக்கும் டிக்கிக்கும் கல் வந்து அடிப்பதில்லையே.

தேவை கீறலிலிருந்து வந்தது. 2005 டிசம்பரில் நிசான் ஒரு புது கிளியர் கோட்டை அறிவித்தது, நிப்பான் பெயின்டோடு சேர்ந்து செய்தது. மெல்லிய கீறல் விழுந்தால் ஒரு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் தானே மறைந்துவிடும். பூச்சின் சங்கிலிகள் ரப்பர் மாதிரி பழைய இடத்துக்குத் திரும்புகின்றன, சூடு பட்டால் வேகமாக. இதே யோசனை ஃபிலிமின் மேல்பூச்சுக்கும் வந்தது. 2011-ல் எக்ஸ்பெல் தானே ஆறும் ஃபிலிமைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, மஞ்சளாகாது என்று 10 வருஷ வாரண்டியோடு. மற்ற கம்பெனிகளும் வந்தன. 2015 கடைசியில் 3எம், பல அடுக்கு பாலியூரித்தேன் ஃபிலிம் காப்புரிமைக்காக எக்ஸ்பெல் மேல் வழக்குப் போட்டு, 2017-ல் சமரசமானது. சந்தை எவ்வளவு பெரிதாகியிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

என் கணிப்பில் இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம் இதுதான். அதுவரை ஃபிலிம் என்பது கல்லடிக்குக் கவசம். 2011-க்குப் பிறகு அது பளபளப்பைக் காக்கிற மேல்தோலும் ஆயிற்று. இரண்டும் வேறு வேறு சாமான், வேறு வேறு எதிரி. ஒரே ரோலில் வருவதால் ஒரே பட்டியலில் ஏறிவிட்டன. கல்லடியைக் காட்டிப் பயமுறுத்தி, கூரைக்கும் சேர்த்துக் காசு வாங்குவது இதனால்தான் சுலபமாகிறது. ஆகவே பட்டியலைப் பார்க்கும் முன்னால், உங்கள் காருக்கு எதிரி யார் என்று கேட்டுக்கொள்ளலாம்.

கல்தான் எதிரி என்றால், பள்ளிக்கூட இயற்பியலே போதும். பரப்புக்குச் செங்குத்தாக வருகிற வேகம்தான் பெயின்டைப் பெயர்க்கும். கல் கிடைமட்டமாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பம்பர் ஏறக்குறைய நேர்நிலை, முழு அடியும் விழும். போனட் 10 டிகிரி சாய்வு என்றால், அந்தச் செங்குத்துப் பங்கின் ஆற்றல் வெறும் 3 சதவீதம். முன்கண்ணாடி 30 டிகிரி என்றால் 25 சதவீதம். கதவும் கூரையும் கல்லுக்கு இணையாக ஓடுகின்றன, கிட்டத்தட்ட சைஃபர். ஆக, அடி வாங்குவது பம்பர், போனட் மடிந்து இறங்குகிற முன்னுதடு, சைடு மிரரின் முதுகு, கண்ணாடிக்கு இரண்டு பக்கத்துத் தூண்கள், கூரையின் முன்விளிம்பில் நாலு விரல் அகலம். ஹெலிகாப்டர்காரன் சொன்ன அதே முன்விளிம்பு. இப்போதைய எஸ்யூவிகளின் முகம் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்பதால் அவற்றுக்கு அந்த உதடு இன்னும் முக்கியம். ஜிஎஸ்டி ரோட்டில் தார்ப்பாய் போடாத ஜல்லி லாரிக்குப் பின்னால் ஒருமுறை மாட்டியவர்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாம்.

இதில் ஒரு சின்ன முரண். அதிக அடி வாங்குவது பம்பர், ஆனால் அது பிளாஸ்டிக், துரு பிடிக்காது. போனட் உதடு பெரும்பாலான கார்களில் இரும்புத் தகடு. சென்னை மாதிரி உப்புக்காற்று ஊரில், தகடுவரை பெயர்ந்த ஒரு புள்ளியை அப்படியே விட்டால் அது வேலையைக் காட்டும். எனவே பணம் இடிக்கிறது என்றால் நான் பம்பரைவிடப் போனட்டுக்குத்தான் முதலிடம் கொடுப்பேன், அதுவும் கோடு விழாமல் முழுசாக. கடைக்காரர்கள் இதை ஒத்துக்கொள்வது கிடையாது.

பட்டியலில் எந்த வரியிலும் வராத ஓர் இடம் இருக்கிறது: நம் சக்கரமே எறிகிற கல் விழுகிற இடம். முன்சக்கரத்துக்குப் பின்னால் கதவுக்குக் கீழ் ஓடுகிற பட்டை, பின்சக்கரத்துக்கு முன்னால் வளைந்து வருகிற பகுதி. போர்ஷே 911-ல் பின்சக்கரத்துக்கு முன்னால் தொழிற்சாலையிலேயே ஃபிலிம் ஒட்டி அனுப்புகிறார்கள், அந்த இடத்தின் மரியாதை அவ்வளவு. நம் ஊர்ச் சின்ன எஸ்யூவிகளில் சக்கரத்தைச் சுற்றியும் கதவடியிலும் கறுப்பு பிளாஸ்டிக் ஓடுகிறதே, அது பாதி ஸ்டைல், பாதி இதே வேலை. அது இருந்தால் அங்கே ஃபிலிமுக்குக் காசு கொடுக்க வேண்டாம். இல்லாத செடான், ஹேட்ச்பேக் வைத்திருப்பவர்கள் கேட்டு வாங்கணும்.

எதிரி கல் இல்லை, கீறல் என்றால் கணக்கே வேறு. தினமும் காலையில் உலர்ந்த துணியால் தூசியைத் தட்டித் துடைக்கிற அபார்ட்மென்ட், பக்கத்தில் ஸ்கூட்டர் உரசுகிற பார்க்கிங், அதிலும் கறுப்புக் கார் என்றால், முழு பாடி ஃபிலிமுக்கு நியாயம் உண்டு. தூசித்துணி வட்டக் கீறல்கள் நம் ஊர் வெயிலில் நின்றாலே ஆறிவிடும், சென்னை மே மாதத்தில் ஹீட் கன்னுக்கு வேலையே இல்லை. ஆனால் ஆறுவது மேல்பூச்சில் விழுந்த மெல்லிய கீறல் மட்டும். சாவியால் இழுத்தது ஆறாது, ஃபிலிம் கிழிந்தால் கிழிந்ததுதான். டென்ட்டை அது தடுக்காது. வெள்ளை, சில்வர் கார்களில் அந்த வட்டக் கீறல் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அவர்கள் இரண்டு வாளித் தண்ணீருக்கும் நல்ல மைக்ரோஃபைபர் துணிக்கும் செலவழித்தால் போதும் என்பது என் கட்சி. கதவு ஓரம், கைப்பிடிக்குள் நகம் படுகிற குழி, டிக்கியில் பெட்டி ஏற்றும்போது இழுபடுகிற உதடு, இந்த மூன்றையும் யாராக இருந்தாலும் ஒட்டிக்கொள்ளலாம். துண்டு ஃபிலிமில் முடிகிற வேலை.

என் கார் சாம்பல் நிற ஹேட்ச்பேக், வாரத்தில் இரண்டு நாள் நெடுஞ்சாலை. முழு போனட், பம்பர், மிரர், தூண்கள், கூரையின் முன்விளிம்பு, கதவடிப் பட்டை, மேலே சொன்ன மூன்று சில்லறை இடங்கள், இவ்வளவுதான் கேட்டேன். "இப்படி ஒரு பேக்கேஜே கிடையாதே சார்" என்றார்கள். பிளாட்டரில் எல்லாப் பாகத்துக்கும் தனித்தனியாகக் கோப்பு இருக்குமே என்று கேட்டதும், இருந்தது. ஃபுல் ஃப்ரன்ட்டைவிடக் கொஞ்சம்தான் கூட வந்தது.

எந்த வரியை எடுத்தாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. டிபிஎச் என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் பிவிசி வகை. விலை பாதி, சீக்கிரம் விறைக்கும், மஞ்சளாகும், தானே ஆறுவதும் கிடையாது. டிபியு-விலும் அலிஃபாட்டிக் வகைதான் வேண்டும். அரோமாட்டிக் ஐசோசயனேட்டில் செய்தது புற ஊதாக் கதிரில் மஞ்சளாவது அதன் பிறவிக் குணம்; பழைய ஃபிலிம்கள் டீக்கறை பிடித்த மாதிரி ஆனதில் அதற்கும் பங்குண்டு. வாரண்டி என்பது மஞ்சளாவது, வெடிப்பது, குமிழி விடுவது, பசை விடுவது, இவற்றுக்குத்தான் பொதுவாகப் பொருந்தும், கல் கிழித்ததற்கு அல்ல. நிறமுள்ள ஃபிலிம் ஆசை இருந்தால் ஆர்சி புத்தகத்தில் காரின் நிறம் எழுதியிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். யார்டிலோ வழியிலோ ஏதாவது பேனல் திரும்பப் பெயின்ட் ஆகியிருக்கிறதா என்று ஒட்டும் முன்பே கனம் அளக்கிற மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 140 டிகிரியில் சுட்ட பெயின்டிலிருந்து ஃபிலிம் ஒழுங்காக உரியும், ஒர்க்‌ஷாப் பெயின்ட் சில நேரம் கூடவே வந்துவிடும், ட்ரூ பார்த்த அந்தப் பெயின்ட் கடையில் நடந்த மாதிரியே. கடைசியாக, ஃபிலிம் பெட்டியில் அச்சிட்டிருக்கிற ரோல் நம்பரை பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி கேட்டுப் போகும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.